நான்காவது எண்ணெய் மாற்றம்

வாரண்டி மேசையில் இது எனக்குப் பதினோராவது குளிர்காலம்.
மைனாட் நகரத்தில் இன்று மைனஸ் இருபத்தாறு.
கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார் ஆர்டிஸ் டோலஃப்சன்.

மூன்று தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்பவர்.
ஞாயிறு ஒன்றுக்கு நூற்று நாற்பது மைல்.
"எஃப் ஷார்ப்பில் தட்டுகிறது என் இன்ஜின்" என்றார்,
நோய் என்ன என்பதில் சந்தேகமே இல்லாதவர் போல.
மெக்கானிக் கேட்டுவிட்டு வந்து தலையாட்டினான்.
செயின், டென்ஷனர், உள்ளே இன்னும் என்னவோ.
நாலாயிரத்து முந்நூறு டாலர்.
அல்லது
சும்மா.

இரண்டுக்கும் நடுவில்தான் என் நாற்காலி.

நீங்களே எண்ணெய் மாற்றலாம், அம்மா.
சட்டம் உங்கள் பக்கம்தான்.
ஆனால் மாற்றியதாகச் சொன்னால் போதாது,
காகிதம் சொல்ல வேண்டும்.

டின்னைத் திறந்தார்.
ஞானப்பாட்டுக்குக் கோடு போட்ட நோட்டு,
ஐந்து கோடுகளுக்கு நடுவே தேதி, மைல்,
எண்ணெயின் தரம், ஃபில்டரின் எண்,
வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர்.
ஓரத்தில், "கை மரத்துவிட்டது. கராஜ் ஹீட்டர் பழுது."
கடை ரசீதுகளில் எழுத்து மங்கிவிடும் என்று
வாங்கிய அன்றே நகல் எடுத்துப் பின் செய்திருந்தார்.
டீலரிடமே சர்வீஸ் செய்கிறவர்கள்கூட
இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

5,900.
12,050.
18,040.
அப்புறம் 31,000.

விரலை வைத்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம்.
வைக்கத்தான் சம்பளம்.

பதிமூன்றாயிரம் மைல் இடைவெளியில் ஒரே ஒரு வரி:
"ஆர்லன் மாற்றினான்."
தேதி இல்லை. ரசீது இல்லை.
"தம்பி" என்றார். "மணிக்கட்டு ஒடிந்திருந்தது எனக்கு."
"அவரிடம் கேட்டுப் பாருங்களேன்."
"பேசி இரண்டு வருஷம் ஆகிறது."

அப்பாவின் நிலம். வேறென்ன.
கால் சதுர மைல் கோதுமை மண், ஒரு கையெழுத்து.
இதை அவர் சொல்லவில்லை;
இந்த ஊரில் யாரும் யாரோடும் பேசாமல் இருக்க
வேறு காரணம் நான் கேட்டதில்லை.

காபி மெஷின் பக்கம் திரும்பி நின்று அழைத்தார்.
"ஆர்லன். நான்தான்.
இல்லை, யாரும் சாகவில்லை.
எண்ணெய் வாங்கின ரசீது வேண்டும்.
என் வண்டிக்கு. ஆமாம், அந்த ஈஸ்டருக்கு முன்னால்."
பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.
"சரி" என்றார்.
இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, "சரி."

நான் ஸ்டேப்ளருக்குப் பின் நிரப்பினேன்.
நிரம்பித்தான் இருந்தது.

நாற்பது நிமிடம் கழித்துப் படம் வந்தது.
மின்ட் வாசனை அடிக்கும் ஏதோ டப்பாவில் கிடந்ததாம்.
ஐந்து குவார்ட், ஒரு ஃபில்டர்,
ஒரு பாக்கெட் சூரியகாந்தி விதை.
அச்சு பாதி வெளிறியிருந்தது, ஆனாலும் தேதி தெரிந்தது.
கீழே பால்பாயின்ட் பேனாவில், அழுத்தி:
"24,510 மைல். ஆர்டிஸ் கேட்பாள்."

படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லை.
எண்ணை மட்டும் தட்டினேன். தேதியைத் தட்டினேன்.
கம்பெனி வியாழக்கிழமை பதில் சொல்லும்;
இந்த முறை எனக்குப் பயம் இல்லை.

நோட்டை வாங்கி, விட்டுப்போன வரியில்
24,510 என்று எழுதினார். மற்ற எண்களைவிடச் சின்னதாக.
இரவல் காரின் சாவியைக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்,
டின் மடியில், போன் டின்மேல்,
திரை மேல்பக்கமாக.

"ஒரு பிரதி எனக்கும் வேண்டும்" என்றார்,
"அடியில் இருக்கிறதும் சேர்த்து."
பிரின்டர் சூடாக நேரம் எடுக்கும் என்றேன்.
எடுக்கவில்லை.